வைத்தது வைத்த இடத்தில்

தண்ணீர் டம்ளர் வைத்த இடத்தில்தான் இருக்கிறது என்று கூரையில் தொங்கிய இயந்திரக் கை சொன்னது. சுடர்க்கொடிக்கு அப்படித் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை காட்டு."

கூரையிலிருந்து மெல்லிய ஒளிவட்டம் இறங்கி டம்ளரின் அடியைச் சுற்றி நின்றது. வட்டத்துக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு நூல்கூட நுழையாது.

"குறிச்ச எடத்துலயேதானுங்க இருக்குது, அம்மிணி," என்றது கை. கோயம்புத்தூர்ப் பேச்சுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் அவளுடைய அக்கா பவளக்கொடி.

"முன்னெல்லாம் பச்சைக் கோட்டைத் தொட்டுட்டு இருந்துச்சு."

"இல்லைங்க. போன வருசத்துப் படம் காட்டட்டுங்களா?"

சுவரில் படம் விரிந்தது. அதே ஹால், அதே பவானி ஜமுக்காளம், அதே டம்ளர். ஜமுக்காளத்தின் பச்சைக் கோட்டுக்கும் டம்ளருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. இப்போது இருப்பதைப் போலவே.

சமையலறையிலிருந்து பவளம் எட்டிப் பார்த்தாள். கையில் மாவுக் கரண்டி.

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா?"

"அக்கா, நீ எதையாவது நகத்தினியா?"

"நா எதுக்குடி உன்ற சந்தைக்குள்ள காலு வெக்கறேன்? ஒருக்கா வெச்சுப் பட்டது போதாதா?"

"நகத்தலையா?"

"நகத்தலை. தோசை ஆறுது, வா."

சுடர் தலையாட்டினாள். அக்கா இல்லை என்றால் இல்லை. இயந்திரமும் அதையே சொல்கிறது. அப்படியானால் கெட்டுப்போனது தன்னுடைய கண்ணாகத்தான் இருக்க வேண்டும். கண் இல்லையென்றால் அதற்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்று.

அந்த ஹாலை முதல்முறை பார்க்கிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். ஜமுக்காளத்தின் நடுவே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் வெற்றிடம். அதைச் சுற்றி வளைவு வளைவாகப் பொருள்கள். பேரிங் குண்டுகள் நிறைந்த பிஸ்கட் டின், மடிக்காத சுடிதார்கள், மாத்திரைத் தட்டு, கத்தரிக்கோல்கள், கவிழ்த்து வைத்த புத்தகங்கள், மூடி திறந்தபடி அம்மாவின் இரும்புப் பெட்டி. எதுவும் எதன் மேலும் இல்லை, எதற்குள்ளும் இல்லை. மூடி வைத்த பொருள் சுடருக்கு இல்லாத பொருள். பீரோவுக்குள் போன சட்டையை அவளால் நினைக்க முடியாது. அடுத்தமுறை கதவைத் திறந்தால் வேறு யாருடைய சட்டையோ தொங்குவதுபோல் இருக்கும். கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும், நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான்.

மற்றவர்களுக்கு அது ஒழுங்காகத் தெரியவில்லை. "ஆட்டிசம்னா செருப்பைக்கூட அளவெடுத்து வெப்பாங்கன்னு டிவில சொன்னாங்க. இவ என்னடான்னா வீட்டையே மார்க்கெட் மாதிரி வெச்சிருக்கறா," என்று பொள்ளாச்சிச் சித்தி ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். அந்தத் தீபாவளிக்குச் சித்தியும் பவளமும் சேர்ந்து, சுடர் வேலைக்குப் போயிருந்தபோது, எல்லாவற்றையும் பீரோவில் அடுக்கி வீட்டை ஒதுங்க வைத்தார்கள். தரை பளபளத்தது. வேலையிலிருந்து வந்த சுடர் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். விடியும்வரை உள்ளே வரவில்லை. அதன்பிறகு பல நாள் பேசவும் இல்லை. பவளமும் அந்தப் படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் கை வந்தது. கூரையில் தண்டவாளம் மாதிரி ஒரு சட்டம், அதில் தொங்கும் ஒற்றைக் கை, இரண்டே விரல்.

"ஊர்ல எல்லாரும் இதை வீடு ஒதுங்க வெக்கறதுக்கு வாங்கறாங்க," என்று பவளம் சொன்னாள். "நம்ம வீட்ல இது ஒதுங்க வெக்காது. நீ வெச்ச எடத்த மனப்பாடம் பண்ணிக்கும். கூட்டறப்ப எடுத்து, தூசி தட்டி, அதே எடத்துல வெக்கும். சித்தி வந்து காலால எத்தினாலும் அதே எடத்துல வெக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

சுடர் அன்று முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டினாள். கை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒளிவட்டம் போட்டு ஏற்றுக்கொண்டது. தன்னுடைய வீட்டை இன்னொருவர் தனக்காக நினைவில் வைத்துக்கொள்வது அவளுக்கு அதுவே முதல்முறை. அன்றிலிருந்து அவள் எதையும் அளந்து பார்க்கவில்லை. அளவெல்லாம் கையிடம் இருந்தது.

வைகாசியில் பவளத்துக்கு வரன் அமைந்தது. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர், பெயர் மகுடேஸ்வரன். கல்யாணம் தை மாதம், அதற்குப் பிறகு இங்கேயே வந்து இருப்பதாகப் பேச்சு. முதல்முறை வீட்டுக்கு வந்தவர் ஹாலைப் பார்த்தார், சிரித்தார், சுவரோரமாக நின்றபடியே காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுடருக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஆடியில் டம்ளர் தப்பாகத் தெரிய ஆரம்பித்தது. ஆவணியில் பெட்டி. புரட்டாசியில் எல்லாமே. பார்க்கும்போது எதுவும் நகரவில்லை, ஆனால் வீடு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதைப்போல் இருந்தது. கேட்டால் ஒளிவட்டம் வரும், படம் வரும், அக்காவின் "இல்லைடி" வரும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனபோது அவரும் மென்மையாகச் சொன்னார். "சில சமயம் மூளை பழசைத் தப்பா எழுதி வெச்சுக்கும், சுடர். கருவியை நம்புங்க."

அவள் நம்பினாள். தன்னை நம்புவதை நிறுத்தினாள்.

சுடர் வேலை பார்த்தது ஒரு பம்ப்பு கம்பெனியின் சோதனைக்கூடத்தில். பெஞ்சு எனப்படும் சோதனை மேடையில் ஓடுகிற மோட்டாரின் அதிர்வைக் கருவி எண்ணாகக் காட்டும். சுடர் எண்ணைப் பார்ப்பாள், பிறகு மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைப்பாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சொல்வாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

ஐப்பசியில் ஒருநாள் மேலாளர் நாச்சிமுத்து அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் பம்ப்பின் தேய்ந்த தண்டு ஒன்று கிடந்தது.

"தாராபுரத்துல இருந்து திரும்பி வந்திருக்குது. இது மட்டுமில்ல, ஒரு லோடே வந்திருக்குது. அத்தனையும் நாலாவது பெஞ்சுல நீ பாத்து அனுப்புனது. அந்தப் பெஞ்சோட ஒரு காலு எறங்கியிருக்குதம்மிணி. கருவி தப்பாக் காட்டியிருக்குது. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது, சார்."

"தெரிஞ்சுதா?"

"ஒரு பக்கமாச் சாஞ்ச மாதிரி இருந்துச்சு. கருவி சரின்னு சொல்லுச்சு. எனக்குத்தான் அப்படித் தோணுதுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

நாச்சிமுத்து நெற்றியைத் தேய்த்தார். "கருவி சொல்றத நானே கேட்டுக்குவேனே. அதுக்கு மேல என்ன இருக்குதுன்னு சொல்லத்தான நீ? இப்ப மேல இருக்கறவங்களுக்கு நா என்ன சொல்லட்டும்?"

அவள் தேய்ந்த தண்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"கொஞ்ச நாள் வீட்ல இரு. திரும்பி வந்தா ஸ்டோர்ஸ்ல உக்காரலாம். சோதனை வேண்டாம்."

தாராபுரம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருப்பார்கள் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள். தண்ணீர் இல்லாமல் காய்ந்திருக்கும். தன் கண்ணின்மேல் நம்பிக்கை இல்லாதவள் சோதனைக்கூடத்தில் இருக்கக் கூடாதுதான். அவளுக்கு அந்த வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

மறுநாள் காலை பவளம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அவள் கணக்கு டீச்சர். "ஜன்னல் தெறந்திருக்குது. வெளிச்சம் உனக்கு ஆகாதில்ல, திரைய இழுத்து விட்டுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுடர் வீட்டில் இருக்கும்போது ஜன்னல் திரை எப்போதும் மூடியிருக்கும். அவள் வேலைக்குப் போனபிறகு பவளம் திறந்து வைப்பாள், வருவதற்குள் மூடிவிடுவாள். இருவருக்கும் பழகிப்போன ஏற்பாடு. அதனால் பகல் வெயில் அந்த ஜமுக்காளத்தில் விழுவதை சுடர் பார்த்ததே இல்லை.

அன்று எழுந்துபோய் மூட நினைத்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் உண்மையிலேயே கண்ணைக் கூசுகிறதா, அதுவும் தோற்றம்தானா? தெரியவில்லை. கூசட்டும்.

வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே சரிந்து வந்து, தரையைத் தொட்டு, அம்மாவின் பெட்டி மேல் ஏறியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்கு ஜன்னல் பக்கமாக ஒரு நிழல் இருந்தது.

வெயில் ஜன்னலிலிருந்து வருகிறது. நிழல் இந்தப் பக்கம் விழ வேண்டும், அந்தப் பக்கம் விழ முடியாது.

தவழ்ந்துபோய்ப் பார்த்தாள். நிழல் இல்லை, ஜமுக்காளத்தின் நிறம்தான். வெயில் பட்டுப் பட்டு ஜமுக்காளம் வெளுத்திருந்தது. சிவப்பு, ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. ஆனால் பெட்டியை ஒட்டி மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்பு வெளுக்காமல் இருந்தது. பெட்டியின் ஓரத்தில் நல்ல அழுத்தம். ஜன்னல் பக்கம் போகப்போக மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் மற்ற இடத்தோடு கலந்துவிட்டது. வால் மாதிரி.

பிஸ்கட் டின்னைப் பார்த்தாள். அதற்கும் வால். மாத்திரைத் தட்டுக்கும். புத்தகங்கள் ஒவ்வொன்றுக்கும். எல்லா வாலும் ஜன்னலைப் பார்த்து நீண்டிருந்தன.

ஒரு வாலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கை," என்றாள்.

"சொல்லுங்க, அம்மிணி."

"பெட்டி நகந்திருக்கா?"

"குறிச்ச எடத்துலயேதானுங்க இருக்குது."

வாலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "குறிச்ச எடம் நகந்திருக்கா?"

கை சட்டத்தில் பாதி தூரம் போய் நின்றது. அது அப்படித் தயங்கி அவள் பார்த்ததில்லை.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க, அம்மிணி."

சுடர் தன் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தாள். ஒவ்வொரு பொருளாகத் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தாள். "எடத்த விட்டு வெளிய போயிருச்சுங்க. திருப்பி வெக்கட்டுங்களா?" என்று கை கேட்டுக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெட்டியைத் தூக்க முடியாமல் இழுத்தாள். கடைசியில் வெறும் ஜமுக்காளம் மட்டும் கிடந்தது, அதன்மேல் கருத்த தடங்கள். பச்சைக் கோட்டின் ஓரத்திலேயே ஒரு சின்ன வட்டம் மங்கலாகத் தெரிந்தது. அதற்குள் அவள் டம்ளரைப் பொருத்திப் பார்த்தாள்.

சாயங்காலம் பவளம் கதவைத் திறந்தாள். பையைக் கீழே போட்டாள். முகம் மலர்ந்தது.

"சுடர்! நீயாவா ஒதுங்க வெச்சே? என்ற தங்கமே! டாக்டரம்மா சொன்னது செரியாப் போச்சு பாரு. இரு, மொதல்ல அவங்களுக்கு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றாள் சுடர்.

"ஒண்ணுமில்லடி. சும்மா."

"இங்க வா. இதைப் பாரு."

"வெளுத்திருக்குது. பழைய ஜமுக்காளம். புதுசு வாங்கிக்கலாம்."

"ஒரே நாள்ல நகத்தியிருந்தா இந்த ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அக்கா. இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் வெளுப்பு, நடுவுல ஒரு கோடு. இங்க கோடு இல்ல. கொஞ்சங் கொஞ்சமா வெளுத்திருக்கு. அப்படின்னா கொஞ்சங் கொஞ்சமா வெயில் பட்டிருக்கு. கொஞ்சங் கொஞ்சமா நகந்திருக்கு." சுடரின் குரல் சோதனைக்கூடத்தில் பேசுவதைப் போலவே இருந்தது. "எல்லாமே ஜன்னலை விட்டு விலகிப் போயிருக்கு. ஏன்?"

பவளம் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நான் உன்கிட்ட கேட்டேன்," என்றாள் சுடர். "தினம் கேட்டேன்."

"நா நகத்தலைடி. அதுதான்..." பவளத்தின் கண் கூரைக்குப் போய்த் திரும்பியது. சொல்ல வந்ததை அவளாலேயே கேட்க முடியவில்லை போலும். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல கை ஒரு மயிரிழைதான் நகத்தும்னாங்க டாக்டரம்மா. பழகினா ஒரு நூலு. பொறவு ஒரு அரிசி. உனக்குத் தெரியவே தெரியாது, ஒரு வலியும் இருக்காதுன்னாங்க. ஜன்னலோரமா ஒரு நாற்காலி போடற அளவுக்கு எடம், அவ்வளவுதான் கேட்டேன். நெறைய வீட்ல பண்றாங்களாம்."

"அந்தப் படம்?"

"எந்தப் படம்?"

"போன வருசத்துப் படம். டம்ளரு தள்ளி இருந்த படம்."

பவளம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நீ கேட்டா பயப்படாம இருக்கோணும்னு... கையே அதைத் தயார் பண்ணிக்கும்னாங்க."

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நெனச்சேன்."

"சுடர்..."

"நாலாவது பெஞ்சு எறங்குனது எனக்குத் தெரிஞ்சுது. சொல்லாம விட்டேன். நான் பார்க்கறதெல்லாம் தப்புன்னு நீங்க மூணு பேரும் சொன்னீங்க. நீ, டாக்டரம்மா, அது." கூரையைக் காட்டினாள்.

பவளம் வெடித்தாள். "பின்ன என்ன பண்ணச் சொல்றே? அந்தத் தீவாளிக்கு நீ படில உக்காந்திருந்தே. யாரு பக்கத்துல இருந்தா? அம்மா போறப்ப என்ற கையப் புடிச்சு என்ன கேட்டாங்கன்னு உனக்குத் தெரியும். உன்னைய விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொன்னேன், போகலை. முப்பத்தாறு வயசாச்சுடி எனக்கு. அந்த மனுசன் நின்னுட்டே காப்பி குடிச்சுட்டுப் போனாரு. கட்டிக்கப் போறவருக்கு என்ற வீட்ல உக்கார எடமில்ல!"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா? மறுபடி படிக்குப் போயிருப்பே."

"நாற்காலிக்கு எடம் வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். எதை எங்க வெக்கறதுன்னு யோசிக்க ஒரு மாசம் ஆகியிருக்கும். ஆனா குடுத்திருப்பேன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

பவளம் அவளையே பார்த்தாள். இத்தனை வருடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அழ ஆரம்பித்தாள். சுடர் அழவில்லை. அழுகிறவர்களின் முதுகில் கை வைக்க வேண்டும் என்று பவளம்தான் அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருந்தாள். அன்று வைக்கவில்லை.

"பழைய எடத்துல வெக்கச் சொல்லு," என்றாள். "உன் அனுமதி இருந்தாத்தான் செய்யும்."

பவளம் மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள். கை சட்டத்தில் ஓடியது. பெட்டி தன் கருத்த தடத்தின்மேல் போய் உட்கார்ந்தது. பிஸ்கட் டின் அதன் தடத்தின்மேல். புத்தகங்கள், தட்டு, கத்தரிக்கோல்கள். கை போட்ட ஒளிவட்டங்களை சுடர் பார்க்கவில்லை, ஜமுக்காளத்தை மட்டும் பார்த்தாள். ஒரு இடத்தில்கூடச் சிவப்பு மிஞ்சவில்லை. கடைசியாக டம்ளர் வந்து பச்சைக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

சுடர் நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தாள்.

"சார், நான் பார்த்தது சரிதான். என் கண்ணுல தப்பில்ல. ரெண்டாவது பெஞ்சையும் பாருங்க, அதுவும் லேசா எறங்குது."

"நெசமாவா சொல்றே?"

"நிச்சயமா, சார்."

"செரி, திங்கக்கெழம வா. பெஞ்சுக்கே வா," என்றார்.

போனை வைத்துவிட்டு ஜமுக்காளத்தின் நடுவே போய் உட்கார்ந்தாள். பல மாதத்துக்குப் பிறகு வீடு நிமிர்ந்து நின்றது. கண்ணை எங்கே திருப்பினாலும் அங்கே இருக்க வேண்டியது இருந்தது. தாகமாக இருந்தது. திரையை மூடலாமா என்று ஜன்னலைப் பார்த்தபடியே டம்ளருக்குக் கையை நீட்டினாள்.

விரல்கள் வெறுங்காற்றில் மூடிக்கொண்டன.

திரும்பிப் பார்த்தாள். டம்ளர் சரியான இடத்தில்தான் இருந்தது. அவளுடைய கை அதிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பிஸ்கட் டின்னைத் தொடப் பார்த்தாள். தவறியது. கத்தரிக்கோல் தவறியது. பெட்டியின் விளிம்பில் மணிக்கட்டு இடித்தது. கண் பழைய வீட்டில் இருந்தது. அவளுடைய கை, அவளுக்கே தெரியாமல், அவர்கள் வைத்த வீட்டுக்குக் குடிபோயிருந்தது.

பவளம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. ஜமுக்காளத்துக்குள் கால் வைக்கவில்லை.

"இப்ப எல்லாம் செரியா இருக்குதா, கண்ணு?"

இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று சுடருக்குத் தெரிந்தது. அக்கா டாக்டரம்மாவுக்குப் போன் செய்வாள். அவர் மென்மையாகச் சிரிப்பார். 'பாத்தீங்களா, பழகிட்டாங்க' என்பார்.

"செரியா இருக்குக்கா," என்றாள்.

பவளம் நம்பினாள். சுடர் பொய் சொல்ல மாட்டாள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெருமூச்சு விட்டு, மாவுப் பாத்திரத்தை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். உள்ளேயிருந்து தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் வந்தது.

சுடர் கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். தாகம் அப்படியே இருந்தது.